பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும்: ஜெனரேட்டர் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



மழைக்காலம் நெருங்கினால் நம் குடியிருப்பில் ஒரு பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது. "கரண்ட் போனால் என்ன செய்வது? சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" என்பதுதான் அது. இப்போது ஆன்லைன் கடைகளில் "டூயல் ஃப்யூயல்" என்ற பெயரில் ஒரு வகை வருகிறது. பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், கேஸ் சிலிண்டரை மாட்டினாலும் ஓடும் என்கிறார்கள். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று இருக்கிறது என்பதால் பலருக்கும் இது பிடித்திருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு எரிபொருளில் ஓடும் எந்திரம் நேற்று வந்த புதுமை அல்ல. நம் தாத்தா காலத்திலிருந்தே அது வேறு வேறு வேஷத்தில் நம் தெருவுக்கு வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது ஏன் வந்தது, ஏன் போனது என்று பார்த்தால், இன்று எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பது தெளிவாகிவிடும்.

கேஸ்தான் மூத்தது

பெட்ரோல் இன்ஜின்தான் முதலில் வந்தது, கேஸ் பிறகு வந்தது என்று நினைக்கிறோம். நடந்தது தலைகீழ். 1860-ல் பாரிஸில் லெனுவார் என்பவர் ஓட்டிக் காட்டிய இன்ஜினும், 1876-ல் ஜெர்மனியில் ஆட்டோ உருவாக்கிய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினும் நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸில் ஓடியவை. இன்று உங்கள் ஸ்கூட்டரில் இருப்பது அந்த ஆட்டோ இன்ஜினின் பேரப்பிள்ளைதான்.

அந்தக் கேஸ் நகரத்துக் குழாயில் மட்டுமே வரும். குழாய் இல்லாத ஊரில் இன்ஜின் வெறும் இரும்பு. 1885-ஐ ஒட்டி டைம்லரும் பென்ஸும் பெட்ரோலுக்கு மாறியதற்கு முக்கியக் காரணம், அதை டப்பாவில் எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம் என்பது. பெட்ரோல் அப்போது யாரும் பெரிதாகச் சீந்தாத பொருள். எண்ணெய்க் கிணறு தோண்டியதே விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காகத்தான். பெட்ரோல் அதோடு சேர்ந்து வந்த மிச்சம்.

இங்கே முதல் பாடம் கிடைக்கிறது. எந்த எரிபொருள் வெல்லும் என்பதை இன்ஜினின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எரிபொருள் உங்கள் வாசலுக்கு எந்த வழியாக வருகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

கரி பஸ்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றுபோனது. அப்போதுதான் தமிழ்நாட்டுச் சாலைகளில் "கரி பஸ்" ஓடியது. பஸ்ஸோடு ஓர் உயரமான இரும்பு உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, கிளம்பும் கேஸை இன்ஜினுக்கு அனுப்புவார்கள். புறப்படும் முன் ஊதி ஊதிக் கனல் ஏற்ற வேண்டும். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேட்டில் பஸ் திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கும்.

அப்படிப்பட்ட பல வண்டிகள் கொஞ்சம் பெட்ரோலில் கிளம்பி, பிறகு கரி வாயுவுக்கு மாறின. அதுவும் ஒரு வகை டூயல் ஃப்யூயல்தான். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரி உருளையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். யாரும் அதை விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது எரிபொருள் தட்டுப்பாட்டின் பிள்ளை. தட்டுப்பாடு தீர்ந்ததும் அதுவும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஊருக்குக் கம்பி வந்த கதை

வீட்டு மின்சாரத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. 1937-ல் மேட்டூர் மின்சாரம் வந்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. 1962-ல் நெய்வேலி அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. காமராஜர் ஆட்சியில் கிராமங்களுக்கு மின்கம்பம் போனதைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

கம்பி வராத இடத்தில் என்ன இருந்தது? வயலில் ஆயில் இன்ஜின், அரிசி மில்லில் ஆயில் இன்ஜின், டூரிங் டாக்கீஸிலும் ஆயில் இன்ஜின். கல்யாண ஊர்வலத்துக்கு பெட்ரோமாக்ஸ். வயல் பம்ப்செட்டில் ஒரு சின்ன இன்ஜின் இருக்கும். அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் ஒரு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் பக்கத்தில் அந்த எண்ணெய்க்குக் கிருஷ்ணாயில் என்று பெயர்.

கிருஷ்ணாயில் ஜெனரேட்டர்

அந்தப் பம்ப்செட் வித்தைதான் பிறகு வீட்டு ஜெனரேட்டரிலும் வந்தது. 1985-ல் ஜப்பானின் ஹோண்டா, ஸ்ரீராம் குழுமத்தோடு சேர்ந்து இந்தியாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. கையில் தூக்கிப் போகும் சின்ன ஜெனரேட்டர்கள் அங்கே தயாராயின. பிர்லா யமஹா ஜெனரேட்டர்களும் அதே காலத்தவை. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்கள் இந்தியச் சந்தைக்கென்றே வந்தன. ஜவுளிக்கடை, நகைக்கடை, ஜெராக்ஸ் கடை, கிளினிக் என்று கடைத்தெரு முழுவதும் வாசலில் ஒன்று படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் தெருவே கிருஷ்ணாயில் வாசனை அடிக்கும்.

அதாவது, "டூயல் ஃப்யூயல்" ஜெனரேட்டர் நமக்கு 40 வருடப் பழக்கம். ஆனால் இன்று அந்த மண்ணெண்ணெய் மாடலைக் கடைத்தெருவில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. ஏன்?

எந்திரம் கெட்டுப்போனதால் அல்ல. எரிபொருளின் வழி அடைபட்டதால். மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததற்குக் காரணம் அரசு கொடுத்த மானியம். அந்த மானியம் விளக்கெரிக்கவும் சமைக்கவும் மட்டும். ரேஷன் மண்ணெண்ணெயை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1993-ல் வந்த மத்திய அரசின் ஆணையே சொல்கிறது. கடைக்காரர்கள் ஊற்றிய எண்ணெய் பல இடங்களில் ஏதோ ஓர் ஏழை வீட்டு ரேஷன் கார்டிலிருந்து நழுவி வந்தது. வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு பரவப் பரவ மாநிலங்களுக்கான மண்ணெண்ணெய் ஒதுக்கீடு குறைந்தது. 2016 முதல் விலை சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, 2020-ல் மானியமும் முடிந்தது. ஜெனரேட்டரின் இரண்டாவது கால் அப்படியே முறிந்துவிட்டது.

இதை நினைவில் வையுங்கள். இன்று கேஸ் ஜெனரேட்டர் பற்றி யோசிக்கும்போது இதே கதை மறுபடியும் வரும்.

யாழ்ப்பாணத்தின் சில துளி பெட்ரோல்

இரண்டு எரிபொருள் என்பதன் முழு அர்த்தத்தையும் வாழ்ந்து பார்த்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். 1990-க்குப் பிறகு போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து அங்கே மின்சாரத்தையும் பெட்ரோலையும் இல்லாமல் ஆக்கின. மக்கள் என்ன செய்தார்கள்? மோட்டார் சைக்கிளையும் பழைய காரையும் சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

அவர்களிடம் இருந்தது விலை உயர்ந்த எந்திரம் அல்ல. எதற்கு எவ்வளவு வெளிச்சம் போதும், எதற்கு எவ்வளவு எண்ணெய் செலவழிக்கலாம் என்ற கணக்குதான் அவர்களிடம் இருந்தது.

அதே இலங்கையில் 2022-ல் இன்னொரு பாடம் கிடைத்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தபோது பெட்ரோல், டீசல், சமையல் கேஸ் மூன்றுமே ஒரே நேரத்தில் கிடைக்காமல் போயின. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த நாளில் டூயல் ஃப்யூயல் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் பெட்ரோல் வரிசையிலும் நின்றார், கேஸ் வரிசையிலும் நின்றார். இரண்டு எரிபொருளும் ஒரே வாசல் வழியாக வருமானால், வாசல் மூடினால் இரண்டும் இல்லை.

நமக்கும் இது பொருந்தும். இந்தியாவில் எரியும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது.

நம் மின்வெட்டு நாட்கள்

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 2008 இறுதியில் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது யாருக்கும் மறந்திருக்காது. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்று அறிவித்தார்கள். சென்னைக்கு வெளியே பல நாட்களில் அது 10 மணி நேரத்தையும் தாண்டியது. 2013-ல் கூடங்குளம் மின்சாரம் வரத் தொடங்கி, வேறு புதிய நிலையங்களும் சேர்ந்து, மெல்ல நிலைமை சீரானது.

அந்த ஆண்டுகளில் வீடுகள் எதை வாங்கின என்று யோசித்துப் பாருங்கள். இன்வெர்ட்டர். ஜெனரேட்டரைக் கடைகளும் மில்களும் மண்டபங்களும் வாங்கின. காரணம் எளிது. அந்த மின்வெட்டு மணிக்கணக்கில் வந்து போனது. ஒரு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். வரும்போது பேட்டரி நிரம்பிக்கொள்ளும்.

பெரணமல்லூர், ஆரணி பக்கத்து நெசவாளர் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு கைத்தறியில் நெய்யப்படுவது. தறிக்கு மின்சாரம் வேண்டாம். தறிக்காரர் கண்ணுக்குத்தான் வேண்டும். பட்டு நூலில் இழை அறுந்ததைக் கண்டுபிடிக்கவும், அடுத்தடுத்த நிறத்தைப் பிரித்துப் பார்க்கவும் தலைக்கு மேல் நல்ல வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு 9 வாட் எல்இடி பல்பு இரண்டு போதும். அதற்குச் சின்ன பேட்டரியே தாராளம். ஜெனரேட்டர் வாங்கியிருந்தால் அது கொசுவை விரட்ட யானையை வாங்கிய கதைதான்.

புயல் வேறு விஷயம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அங்கே இன்வெர்ட்டர் முதல் நாள் இரவோடு முடிந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பெட்ரோல் பங்க் வாசல்களில் நீண்ட வரிசை நின்றது. ஜெனரேட்டர் இருந்தும் ஊற்ற எண்ணெய் இல்லை.

"அதெல்லாம் கடலோரத்துக்கு" என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் பெய்த மழையில், டிசம்பர் 1 அன்று, நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையிலேயே மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது பாடம் இதுதான். மணிக்கணக்கான வெட்டுக்கு இன்வெர்ட்டர். நாள்கணக்கான வெட்டுக்குத்தான் ஜெனரேட்டர். எதற்குத் தயாராகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இனி கணக்குப் போடுவோம்

ஒரு சாதாரண வீட்டுக்கு அவசரத்துக்கு என்ன வேண்டும்? 75 வாட் மின்விசிறி 3, 9 வாட் பல்பு 6, ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு 150 வாட், டிவிக்கு 80, வைஃபைக்கு 10, போன் சார்ஜருக்கு 20. கூட்டினால் சுமார் 540 வாட். ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கும் இடம் விட்டால் 1.5 முதல் 2 கிலோவாட் ஜெனரேட்டர் போதும். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் 350 வாட் அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். 1 ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும் என்றால் கணக்கே மாறும். கிளம்பும்போது அது இழுக்கும் இழுப்புக்கு 3 கிலோவாட்டுக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். ஏசியை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சில நொடிகள் தாங்கும் அளவு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கேஸில் ஓடும்போது பெட்ரோலில் தருவதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகவே தரும். அந்தக் குறைந்த எண்தான் உங்கள் எண்.

செலவுக் கணக்கும் பாருங்கள். இந்த மாதிரி சின்ன இன்ஜின் எரிபொருளின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அந்தக் கணக்கில் 1 யூனிட் மின்சாரத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பெட்ரோல் வேண்டும். கேஸ் என்றால் ஏறத்தாழ 400 கிராம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் யூனிட் 50 ரூபாய்க்கு மேல். குறைந்த லோடில் ஓட்டினால் இன்னும் கூடும். ஆகவே நாள் முழுவதும் ஓட்டுவதற்கு அல்ல இது. காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் ஓட்டி, ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். இன்வெர்ட்டரும் சின்ன ஜெனரேட்டரும் இப்படிச் சேர்ந்தால்தான் எரிபொருள் நாலு நாள் வரும்.

எந்த எரிபொருள்?

கேஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை மாதம் வைத்திருந்தாலும் கெடாது. பெட்ரோல் அப்படி அல்ல. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். சில மாதம் டேங்கிலேயே கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். போன மழைக்கு வாங்கிய ஜெனரேட்டர் இந்த மழைக்குக் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்ரோலைச் சேர்த்து வைப்பதற்கும் அளவு உண்டு. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதுவும் நன்றாக மூடிய உலோகக் கலனில். தண்ணீர் கேனில் அல்ல.

ஆனால் கேஸ் என்றதும் கை தானாகச் சமையலறைச் சிலிண்டர் பக்கம் போகும். அங்கேதான் கிருஷ்ணாயில் கதை திரும்புகிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்று கொடுக்கப்படுவது. 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி ஆணைப்படி அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஜெனரேட்டருக்கு வேண்டியது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். அதற்குத் தனி இணைப்பு, தனி விலை. மேலே சொன்ன கணக்கில் அதில் 45 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். அதை ஏஜென்சியில் பதிவு செய்து, வாங்கி வைக்க இடமும் இருந்தால்தான் உங்கள் எந்திரம் உண்மையிலேயே டூயல் ஃப்யூயல். இல்லாவிட்டால் அது ஒரு விலை கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டுமே.

இன்னொன்று. புயல் நாளில் சமையல் சிலிண்டரை ஜெனரேட்டருக்கு மாட்டிவிட்டால், இரவு வெளிச்சம் இருக்கும், காலையில் கஞ்சி இருக்காது.

வாங்கும்போது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அது நம் வீட்டுக்கு உதவாது. 2023 ஜூலை 1 முதல் புதிய ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அந்தச் சான்று இல்லாத எந்திரத்தை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. தலைவலி, மயக்கம், தூக்கம். தூங்குகிறவர் எழுவதில்லை. ஒரு சின்ன ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு இந்த வாயுவை விடக்கூடும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகும், 2021-ல் டெக்ஸாஸ் பனிப்புயலிலும், புயலில் தப்பித்தவர்கள் வீட்டுக்குள் வைத்த ஜெனரேட்டரால் இறந்தார்கள். கேஸ் சுத்தமான எரிபொருள், அதில் இந்த ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். கேஸில் ஓடினாலும் இந்த வாயு வரும்.

வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வைக்க வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் அறிவுரை. இப்போது உங்கள் ஃபிளாட்டை நினைத்துப் பாருங்கள். பால்கனி 6 மீட்டர் தள்ளியா இருக்கிறது? படிக்கட்டு மேடை? கீழ்த்தள பார்க்கிங்? நீங்கள் உங்கள் பால்கனியில் ஓட்டினால் புகை மேல்வீட்டு ஜன்னல் வழியாகப் போகும். அங்கே கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கேஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். லிஃப்ட் குழி, தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங் சரிவு, எல்லாம் அதற்குப் பள்ளம்தான். நம்மில் பலருக்கு நெசவாளர் உறவினர் வீடுகள் உண்டு. குழித்தறி உள்ள வீட்டில் கால் வைக்கும் குழியும் அப்படியே. தறிக்கு அருகில் சிலிண்டரோ ஜெனரேட்டரோ வைக்கவே கூடாது என்று அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் குறுக்கு வழி சிலருக்குத் தெரியும். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரைக் கொல்லும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி அவர் ஏறியிருப்பார். நமக்காகத்தான் ஏறியிருப்பார். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் எந்த ஜெனரேட்டரையும் வீட்டு ஒயரிங்கில் இணைக்காதீர்கள்.

ஆக, என்ன செய்யலாம்?

வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் என்பது அடுக்குமாடிக்குப் பொருந்தாத யோசனை. அதை வைக்க நமக்கு இடமே இல்லை. முற்றமும் கொல்லையும் உள்ள தனி வீட்டுக்கு டூயல் ஃப்யூயல் பொருந்தலாம், கமர்ஷியல் சிலிண்டரோடு. நமக்குப் பொருந்துவது வேறு. ஒவ்வொரு வீட்டிலும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஓர் இன்வெர்ட்டர். எல்லோருக்கும் பொதுவாக, திறந்த இடத்தில், மேடை கட்டி வைத்த ஓர் எந்திரம். தண்ணீர் மோட்டாருக்கும், மருத்துவக் கருவி வைத்திருக்கும் வீட்டுக்கும், ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவருக்கும் முதல் உரிமை.

அதற்கு முதல் வேலை எந்திரம் தேடுவது அல்ல, பட்டியல் எடுப்பது. உங்கள் வீட்டில் கரண்ட் இல்லாமல் இருக்கவே முடியாதவர் யாராவது இருந்தால், எந்தக் கருவி, எத்தனை வாட் என்று எழுதி மழைக்கு முன் சங்க நிர்வாகிகளிடம் கொடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் மூன்று கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு பேசுவோம்: எத்தனை வாட் வேண்டும், எங்கே வைப்பது, நான்கு நாள் கரண்ட் வராவிட்டால் எண்ணெயோ கேஸோ யார் கையில் இருக்கும்? கரி பஸ் காலத்திலிருந்து எல்லோரும் தடுமாறியது மூன்றாவது கேள்வியில்தான். நாம் அதற்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்துக்கொள்வோம்.